பிரசல்ஸில் இருபது நிமிடம்

ஊருக்குத் திரும்பியதிலிருந்து மூன்று கேள்விகள்தான் மாற்றி மாற்றி வருகின்றன. ஒன்று, "பேசினதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" இரண்டு, "எந்தக் கம்பெனி அனுப்புச்சு?" மூன்று, "அங்க சோறு கெடைக்குமா?"

பதில்கள்: ஒரு பைசாகூட இல்லை. எந்தக் கம்பெனியும் இல்லை. கிடைக்கும், ஆனால் விலையைப் பார்த்தால் பசி போய்விடும் :-)

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகரத்தில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில் இருபது நிமிடம் பேசினேன். அதற்கு முன்னால் நான் மேடையில் பேசியது எட்டாம் வகுப்பில், சுதந்திர தினத்துக்கு, தமிழில். விமானத்தில் ஏறியதும் அதுதான் முதல் தடவை. எனவே இது அனுபவசாலியின் அறிவுரை இல்லை. முதல் தடவை போகிறவருக்கு என்னென்ன நடக்கும், எங்கே எவ்வளவு செலவாகும், எங்கே வயிற்றைக் கலக்கும் என்கிற விவரம் மட்டும்.

ஃபாஸ்டெம் என்றால் என்ன?

கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடும் திருவிழா. 2001-இல் தொடங்கியது, முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது. பிரசல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் சோல்பாஷ் வளாகத்தில் ஒரு சனி, ஞாயிறு நடக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. முன்பதிவும் கிடையாது. கதவு திறந்திருக்கும், உள்ளே போக வேண்டியதுதான். நம்மூர்க் கோயில் கொடை மாதிரி.

பெரிய அரங்குகளில் பெரிய பேச்சுகள் நடக்கும். அது போக, பைத்தானுக்கு ஒரு அறை, தரவுத்தளத்துக்கு ஒரு அறை, வரைபடத்துக்கு ஒரு அறை என்று டஜன் கணக்கில் வகுப்பறைகள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அறை நிறைந்துவிட்டால் வாசலில் 'நிரம்பிவிட்டது' என்று அட்டை மாட்டி விடுவார்கள். அதற்கு மேல் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். பேச்சுகள் நேரடியாக இணையத்தில் ஒளிபரப்பாகும், பிறகு பதிவும் கிடைக்கும்.

இதில் பேச யாரும் விண்ணப்பிக்கலாம். பட்டம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். தலைப்பு, கால் பக்கச் சுருக்கம், நீங்கள் யார் என்று நாலு வரி. அவ்வளவுதான்.

நான் எதைப் பற்றிப் பேசப் போனேன்?

2024 கோடையில் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது. 2005-லிருந்து நடக்கிற திட்டம். கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் சில மாதம் வேலை செய்தால் உதவித்தொகை தருவார்கள். எனக்குக் கிடைத்த வேலை, ஆவணங்களுக்குள் தேடுகிற ஒரு சிறு கருவியைச் சரிசெய்வது. தமிழ் ஆவணத்தைக் கொடுத்தால் அது எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏன் என்று தோண்டியபோது கிடைத்ததுதான் என் தலைப்பு.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. யூனிகோடில் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். கணினி குறிகளை எண்ணுகிறது, நாம் எழுத்துகளை எண்ணுகிறோம். யூடிஎஃப்-8 முறையில் பைட் கணக்குப் பார்த்தால் இதே சொல் பதினைந்து. ஒரு சொல்லுக்கு மூன்று நீளம்!

இது வெறும் வேடிக்கையாக இருந்தால் பரவாயில்லை. ஒரு படிவத்தில் இத்தனை குறிக்கு மேல் கூடாது என்று வெட்டினால், வெட்டு சரியாகப் புள்ளிக்கு முன்னால் விழலாம். 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். 'கண்' என்பது 'கண' ஆகும். முருகன் தன் புள்ளியைத் தொலைத்துவிட்டு 'முருகன' என்று நிற்பார்.

எங்கள் தேடல் கருவியின் கதை இதைவிட மோசம். பைத்தானோடு வருகிற 'ரீ' தொகுதியில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்றொரு குறி உண்டு. 'சொல்லில் வரக்கூடிய எழுத்து' என்று அர்த்தம். அதை வைத்துத்தான் அந்தக் கருவி வாக்கியத்தைச் சொற்களாகப் பிரித்தது. ஆனால் அந்தக் குறி விசிறியையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அதனால் 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு கிடைக்கும். இரண்டையும் எந்த அகராதியில் தேடுவது? இந்தக் குறை 2011-லேயே புகாராகப் பதிவானது. கூத்து என்னவென்றால், அதே பைத்தானில் 'தமிழ்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், ஒழுங்காக ஏற்றுக்கொள்ளும். வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு சமையலறையில் வெட்டுகிற மாதிரி.

இந்தி, வங்காளம், தாய், பர்மிய மொழி எல்லாவற்றுக்கும் இதே தலைவலி உண்டு. 'ரெஜெக்ஸ்' என்று தனியாக ஒரு நூலகம் இருக்கிறது. அது விசிறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். பேக்ஸ்லாஷோடு பெரிய எக்ஸ் போட்டால் 'தமிழ்' என்பதை மூன்றாகவே பிரித்துத் தரும். நாங்கள் அதற்கு மாறினோம். மாறும்போது என்னென்ன உடைந்தது, எதையெல்லாம் சோதிக்க வேண்டியிருந்தது என்பதுதான் பேச்சு.

அக்டோபரில் வழிகாட்டி ஒரு வரி எழுதினார்: இதை ஃபாஸ்டெமுக்கு அனுப்பிப் பாரேன். அனுப்பினேன். டிசம்பர் நடுவில் ஏற்றுக்கொண்டதாக மடல் வந்தது. முதல் ஐந்து நிமிடம் சந்தோஷம். ஆறாவது நிமிடம், 'காசு?'

சங்கிலியும் டிக்கெட்டும்

உதவித்தொகை 3,000 டாலர். ரூபாயில் கையில் வந்தது சுமார் 2.5 லட்சம். எங்கள் வீட்டில் அவ்வளவு பணம் ஒரே தடவையாக வந்ததில்லை. அப்பாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை, அம்மா தையல். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அம்மாவின் நாலு பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. அதை வட்டியோடு மீட்க 1.3 லட்சம் ஆனது. அது நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

மீதி 1.2 லட்சம். அது கடைசி வருடக் கட்டணத்துக்கு என்று அப்பா மனசுக்குள் எழுதி வைத்திருந்தார். ஃபாஸ்டெம் இலவச மாநாடு. நுழையவும் காசு வாங்க மாட்டார்கள், பேசுகிறவர் போய் வரவும் நான் சொந்தச் செலவுதான். கணக்குப் போட்டேன். விமானம் 56,000. விசா, காப்பீடு, சென்னை போய்வரும் செலவு 12,000. தங்க, சாப்பிட, பஸ்ஸுக்கு 22,000. ஆக 90,000. இருபது நிமிடப் பேச்சுக்கு வகுத்தால் நிமிடத்துக்கு 4,500 ரூபாய். வகுத்திருக்கவே கூடாது.

அப்பா காசைப் பற்றிப் பேசவில்லை. "ஒத்தையிலயா போற?" என்று மட்டும் கேட்டார். அம்மாதான் கேட்டார், "போகலைன்னா என்ன ஆகும் பாப்பா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. வேற ஒருத்தர் பேசுவாங்க."

"நீ சொல்லப்போறதையே பேசுவாங்களா?"

"இல்ல, வேற ஏதாவது."

அம்மா கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "கடைசி வருஷ ஃபீஸுக்கு வேணும்னா சங்கிலி மறுபடி போகட்டும். அதுக்கு வழி தெரியும்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதில் கேலி இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

விசா

ஷெங்கன் விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. அது போக மையத்தின் சேவைக் கட்டணம். விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், தங்கும் இடம், போக வர டிக்கெட் முன்பதிவு, எதற்குப் போகிறோம் என்பதற்கு ஆதாரம், இவ்வளவும் வேண்டும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும்.

இதில் எனக்கு இருந்த விசேஷச் சிக்கல்: முன்பதிவே இல்லாத மாநாட்டுக்கு முன்பதிவு ஆதாரம் எங்கே போய் வாங்குவது? அமைப்பாளர்களுக்கு எழுதினேன், அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருக்கிற பக்கத்தையும் அச்செடுத்துச் சேர்த்தேன். மாணவி, சொந்தமாக வருமானவரிக் கணக்கு இல்லை, முதல் பாஸ்போர்ட், ஒரு முத்திரைகூட இல்லை. விண்ணப்பத்தை வாங்கியவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். முழு நோட்டும் காலி. புதுப் புத்தகத்தை மோந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

கல்லூரியில் விடுப்புக் கேட்டபோது வந்த முதல் கேள்வி, "சர்டிஃபிகேட் உண்டா?" இல்லை. "பேப்பர் பப்ளிஷ் ஆகுமா?" ஆகாது. "அப்போ இது என்ன கான்ஃபரன்ஸ்?" நியாயமான கேள்விதான், அவர்கள் உலகத்தில். வருகைப் பதிவில் நாலு நாள் போனது. போகட்டும்.

ஜனவரி முதல் வாரம் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன். விமானம் 30-ஆம் தேதி இரவு. டிக்கெட்டைப் பணம் திரும்பாத வகையில் வாங்கினால் 56,000, திரும்பும் வகையில் வாங்கினால் அதைவிட மிக அதிகம். விசா வந்த பிறகு வாங்கலாம் என்றால் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவே, "வாங்கிரு" என்றார். விசா வராவிட்டால் 56,000 ரூபாய் காற்றில். அப்பாவுக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று எனக்குத் தெரியும். பொத்தானை அழுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பாஸ்போர்ட் 27-ஆம் தேதி வந்தது. மூன்று நாள் மிச்சம். விசா ஒட்டியிருந்த பக்கத்தை அம்மா விளக்கு முன்னால் வைத்தார். அந்த விசா சரியாகப் பயண நாட்களுக்கு மட்டும்தான், ஒரு வாரம் கூட உபரி கிடையாது என்று நான் சொல்லவில்லை.

பால்கோவா போக முடியாத ஊர்

எங்களுக்கு அடுத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கே போனாலும் பால்கோவா கொண்டுபோவதுதான் வழக்கம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. இதை அம்மாவிடம் விளக்க, விசா விதிகளை விளக்கியதைவிட அதிக நேரம் பிடித்தது. "பாலு வராத ஊரா அது?" கடைசியில் கோவில்பட்டி கடலைமிட்டாய் இரண்டு கிலோ, பருப்புப்பொடி, முறுக்கு. ஸ்வெட்டர் ஊட்டியில் வேலை பார்க்கிற மாமா கொடுத்தது.

அபுதாபி வழியாகப் பயணம். பிரசல்ஸில் குடியேற்ற அதிகாரி, "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டார். பதிலை இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அழைப்புக் கடிதத்தை நீட்டினேன். அவர் மேலே இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "ஓ, கம்ப்யூட்டர்காரர்கள்" என்று முத்திரை குத்தினார். இரண்டு நாள் மனப்பாடம் வீண்.

விமான நிலையத்திலிருந்து மத்திய நிலையத்துக்கு ரயிலில் இருபது நிமிடம். அங்கிருந்து 71-ஆம் எண் பஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகும். குளிர் அஞ்சு டிகிரி. காலை எட்டேகாலுக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் நடுராத்திரி மாதிரி இருட்டு, ஆனால் தெருவில் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள்.

தெருப் பெயர்ப் பலகை எல்லாம் இரண்டு மொழியில், பிரெஞ்சும் டச்சும். நான் போன பல்கலைக்கழகமே மொழியால் இரண்டானதுதான். 1969-இல் பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகம் ஒன்று, டச்சு மொழிப் பல்கலைக்கழகம் ஒன்று என்று பிரிந்தது. இரண்டின் பெயருக்கும் அர்த்தம் ஒன்றே: பிரசல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகம். ஒரே பெயரை இரண்டு மொழியில் வைத்துக்கொண்டு இரண்டாக நிற்கிற ஊரில், 'எல்லா மொழிக்கும் ஒரே நிரல் போதும் என்று நினைக்காதீர்கள்' என்று பேசப் போகிறேன். இடம் பொருத்தமாகத்தான் இருந்தது.

இங்கிலீஷ்

உண்மையான பயம் குளிரோ விசாவோ இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் படிப்பேன், எழுதுவேன். பேச வேண்டும் என்றால் வாக்கியத்தை உள்ளே கட்டி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். விடுதி மொட்டைமாடியில் தோழிகளை உட்காரவைத்துப் பதினோரு தடவை ஒத்திகை பார்த்தேன். முதல் ஒத்திகையில் 38 சிலைடு, 41 நிமிடம். கடைசியில் 16 சிலைடு, 17 நிமிடம். எதை வெட்டுவது என்று தோழிகள்தான் சொன்னார்கள். அவர்கள் கொட்டாவி விட்ட இடத்தை எல்லாம் வெட்டினேன்.

சனிக்கிழமை முழுக்க வேண்டுமென்றே மற்றவர்களின் பேச்சுகளைக் கேட்டேன். அன்று தெரிந்துகொண்டதுதான் இந்தப் பயணத்தின் பெரிய லாபம். அங்கே பேசியவர்களில் நிறையப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு மாதிரியே ஆங்கிலம் பேசினார். ஜெர்மானியர் ஒருவர் சொல் கிடைக்காமல் நின்றார், முன்வரிசையிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார், நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, குறித்துக்கொள்ளவும் இல்லை. நம் வகுப்பில் செமினார் எடுக்கும்போது ஒரு உச்சரிப்பு பிசகினால் பின்பெஞ்சில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பின்பெஞ்சை நான் ஏழு கடல் தாண்டி மனசுக்குள் சுமந்துகொண்டு போயிருந்தேன். அங்கே அது இல்லவே இல்லை.

பேச்சு

ஞாயிறு காலை பதினொன்றரை. நம்மூரில் மாலை நாலு மணி. எண்பது பேர் உட்காரக்கூடிய சாய்வான வகுப்பறை, முக்கால்வாசி நிறைந்திருந்தது. சட்டையில் மைக் மாட்டினார்கள். பதினைந்து, ஐந்து, ஒன்று என்று மீதி நிமிடம் காட்ட முன்வரிசையில் ஒருவர் அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியை இணைத்ததும் திரை கறுப்பு. தன்னார்வலர் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினார், வந்துவிட்டது. அந்தப் பத்து வினாடியில் என் தொண்டை காய்ந்தது, பேச்சு முழுக்க ஈரமாகவே இல்லை.

முதல் சிலைடில் 'தமிழ்' என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தேன். "இது என் மொழியின் பெயர். இதில் எத்தனை எழுத்து இருப்பதாக உங்களுக்குத் தெரிகிறது?" என்று கேட்டேன். தமிழே தெரியாத அறை. மூன்று என்று பல குரல்கள். "நன்றி. நீங்கள் எல்லோரும் பைத்தானைவிட நன்றாகத் தமிழ் படிக்கிறீர்கள்" என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கை நடுக்கம் நின்றது.

பிறகு பல், பல. ஒரு பல் வலி எப்படிப் பல வலி ஆகிறது என்று காட்டினேன், அதற்கும் சிரித்தார்கள். அடுத்து நாலு பேர் கொண்ட குடும்ப எமோஜி. அது ஒரே படமாகத் தெரிந்தாலும் உள்ளே ஏழு குறிகள். "இந்தப் படம் உடைந்தால் அன்றே புகார் வருகிறது. ஒரு மொழியின் புள்ளி உடைந்தால் பத்து வருடம் ஆகிறது" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிலர் எழுதிக்கொண்டார்கள். அதற்காகத்தான் அந்த வரியை வைத்திருந்தேன்.

பதினேழு நிமிடத்தில் முடித்தேன். மூன்று நிமிடம் கேள்வி. முதலாமவர் வேகம் குறையுமா என்றார். குறையும், நாங்கள் அளந்தது இவ்வளவு என்று காட்டினேன். இரண்டாமவர் வங்காளத்துக்காரர். "எங்கள் மொழியில் க்ஷ போன்ற கூட்டெழுத்தை ஒரே எழுத்தாகத்தான் நினைப்போம். தமிழில் எப்படி? யூனிகோட் எப்படி எண்ணுகிறது?" என்று கேட்டார். முதல் பாதிக்குப் பதில் இருந்தது: பள்ளி அட்டவணையில் க்ஷ ஒரே கட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் பாதி தெரியாது. "தெரியாது, பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். 'தெரியாது' என்று சொன்னால் தரை பிளந்துவிடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். பிளக்கவில்லை.

அன்று இரவே பார்த்தேன். 2023-இல் வந்த யூனிகோட் 15.1 பதிப்பில், வங்காளம், தேவநாகரி, மலையாளம் உள்ளிட்ட சில எழுத்துமுறைகளுக்குக் கூட்டெழுத்தைப் பிரிக்காமல் ஒன்றாக எண்ணும் விதி சேர்ந்திருக்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நமக்கு க்ஷ இன்னும் இரண்டுதான். அவருக்கு எழுதினேன். அவர் தன் மொழியில் சோதிக்க நூறு சொற்கள் அனுப்பினார். அவை இப்போது எங்கள் கருவியின் சோதனைக் கோப்பில் இருக்கின்றன.

அறைக்கு வெளியே கடலைமிட்டாயைத் திறந்தேன். கெமர் மொழியில் வேலை செய்கிற ஒருவரும், வேறொரு தேடல் மென்பொருளைப் பராமரிக்கிற ஒருவரும் தாழ்வாரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மடிக்கணினியைத் திறந்து அவருடைய மென்பொருளில் 'தமிழ்' என்று தட்டினோம். இரண்டு துண்டு. "இது நம் குறை" என்று அவரே புகார்ப் பதிவு எழுதினார், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. மிட்டாயும் தீர்ந்தது.

விடுதியில் தோழிகள் நேரடி ஒளிபரப்பைச் சுவரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் போனில். இரவு அம்மா பேசினார்: "நீ பல்லுன்னு சொன்னது மட்டும் புரிஞ்சுது. எல்லாரும் சிரிச்சாங்களே, கேலி பண்ணிட்டாங்களோன்னு அப்பாவுக்குக் கோபம். நான்தான் சொன்னேன், அவ சிரிக்க வெச்சிருக்கான்னு."

போக நினைப்பவர்களுக்கு

பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். 36 பக்கத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். போலீஸ் விசாரணை முடிய எவ்வளவு நாளாகும் என்பது ஊரைப் பொறுத்தது.

பேச விஷயம் இல்லையே என்று நினைக்காதீர்கள். உங்களை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்த ஒரு பிழை போதும். அதைத் துரத்திய கதைதான் பேச்சு.

முதலிலேயே கடல் தாண்ட வேண்டியதில்லை. பைகான் இந்தியா 2009-லிருந்து நடக்கிறது. சென்னையில் பைத்தான் பயனர் குழு கூடுகிறது. அங்கே பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்.

சில மாநாடுகள் பயண உதவி தருகின்றன. பெரும்பாலும் செலவைச் செய்துவிட்டுப் பிறகுதான் திரும்ப வாங்க முடியும். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

விசா நேரக் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். பேச்சு ஏற்கப்பட்ட மறுநாளே அழைப்புக் கடிதம் கேளுங்கள். பணம் திரும்பாத டிக்கெட் வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து, போனால் போகட்டும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சொல்ல முடிந்தது. எல்லா வீட்டிலும் முடியாது, அதில் குறைவு எதுவும் இல்லை.

ஃபாஸ்டெம் பேச்சுகளுக்கான அழைப்பு வழக்கமாக அக்டோபர் வாக்கில் வரும். நம் வகுப்பில் இரண்டு பேர் ஏற்கெனவே சுருக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மொட்டைமாடி ஒத்திகைக்கு ஆள் வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். கொட்டாவி வந்தால் மறைக்காமல் விடுகிறேன் :-)